இருபத்து நாலு வோல்ட் பஸ்ஸில் ஒரு பாட்டு செட்டு

தம்பிகளே, வண்டிக்குப் பாட்டு செட்டு மாட்டுகிற வேலைக்கு வந்திருக்கிறீர்கள். நல்ல வேலைதான். வண்டி வாங்கினவன் முதலில் தொட்டுப் பார்ப்பது நீங்கள் மாட்டின சாமானைத்தான். இன்ஜினைப் பிரித்துக் கோத்தவனை எவன் நினைக்கிறான்? எத்தனை ஆம்பியருக்கு என்ன ஃபியூஸ், எவ்வளவு கனத்தில் ஒயர் என்பதையெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். அட்டைப்பெட்டிக்குள்ளேயே அச்சடித்து வருகிறது, அதை நீங்கள் என்னைவிட நன்றாகப் படிப்பீர்கள். பெட்டிக்குள் வராத ஒன்றைச் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் எனக்கு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை. அப்போதுதான் தனியார் பஸ்களில் டேப் செட்டு வந்துகொண்டிருந்தது. பாட்டுப் போடுகிற பஸ் வருகிறது என்றால் முன்னால் நிற்கிற பஸ்ஸை விட்டுவிட்டு வெயிலில் காத்துக்கொண்டு நிற்பார்கள் ஜனங்கள். எலுமிச்சை மூட்டையோடு வருகிற புளியங்குடி வியாபாரிகள்கூட, மூட்டையை மேலே போடும் முன்பு, "பாட்டு உண்டாவே?" என்று கண்டக்டரைக் கேட்டுவிட்டுத்தான் போடுவார்கள். இதில் ஒரு சங்கடம் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிற செட்டெல்லாம் காருக்கு என்று செய்தது, பன்னிரண்டு வோல்ட். பஸ்ஸோ இருபத்து நாலு வோல்ட். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி இரண்டை ஒன்றோடொன்று கோத்து இருபத்து நாலாக்கி ஒரே பெட்டியில் வைத்திருப்பார்கள்.

எங்கள் ஊரிலிருந்து புளியங்குடி வழியாக வாசுதேவநல்லூருக்கு ஒரு பஸ் ஓடியது. அதன் முதலாளிக்கு அந்த ஒரு பஸ்தான். ராத்திரி வண்டி வந்து நின்றதும் டயரையெல்லாம் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போவார். கெட்ட மனுசர் இல்லை, ஆனால் கோபம் வந்துவிட்டால் நாக்கு அவர் பேச்சைக் கேட்காது. வண்டியை ஓட்டியவர் சுடலைமுத்து. எனக்கு நாலைந்து வயது இளையவர். ஆள் அதிகம் பேசமாட்டார், ஹாரன்கூட கணக்காகத்தான் அடிப்பார்.

ஒருநாள் காலையில் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரே கூச்சல். பார்த்தால் அந்த பஸ்ஸை ஜனங்கள் தள்ளிக்கொண்டு வந்து என் கடை முன்னால் நிறுத்துகிறார்கள். பின்னாலேயே முதலாளி. அவருக்குப் பின்னால் சுடலைமுத்து, தலையைக் குனிந்துகொண்டு. கூடவே தள்ளிவிட்டு இளைப்பாறுகிற கூட்டம்.

"பெட்டியத் திறந்து பாரும்வே," என்றார் முதலாளி. "ரெண்டு மாசத்துக்கு முன்னால ஒரு பேட்டரி செத்துப் போச்சின்னு புதுசு வாங்கிப் போட்டேன். இன்னைக்குச் செல்ஃப் எடுக்கல. பாத்தா புதுசு செத்துக் கிடக்கு, பழசு கல்லு மாதிரி இருக்கு. ஒரே பெட்டியில ஒண்ணா கிடக்கது, ஒண்ணா சார்ஜ் ஆவுது. இது எந்த ஊரு நியாயம்?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே சொல்லிவிட்டார். "புளியங்குடியில மூட்டை ஏத்துத நேரத்துல இவன் பேட்டரிய மாத்திட்டான். நான் வாங்கின புதுசு எவன் லாரியிலயோ ஓடுது. மொதல்ல செத்ததும் அப்படித்தான் போயிருக்கும். நீரு ஒரு வார்த்தை சொல்லும், இது நான் வாங்கினது இல்லேன்னு. நான் இவன ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

சுடலைமுத்து, "முதலாளி, நான் தொடல," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். டிரைவர் வேலையில் திருட்டுப் பட்டம் என்பது சாதாரணமில்லை. விபத்து பண்ணினவனுக்குக்கூட வேறு முதலாளி வண்டி கொடுப்பார். சாமான் எடுத்தவன் என்று பேர் வந்துவிட்டால் சிவகிரி முதல் தென்காசி வரை எவனும் ஸ்டியரிங்கைத் தொடவிடமாட்டான். அந்த ஆளின் பிழைப்பு முழுக்க என் வாயிலிருந்து வரப்போகிற ஒரு வார்த்தையில் இருந்தது. கூட்டமும் அதைக் கேட்கத்தான் நின்றது.

கண்ணாடிக் குழாயை விட்டு ஆசிட் எடுத்துப் பார்த்தேன். முதலாளி சொன்னது உண்மை. சார்ஜ் இருந்தால் குழாய்க்குள் மிதவை மேலே நிற்கும், புதுசில் அது அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. நியாயமாகப் பார்த்தால் அவர் கேட்ட கேள்வியிலும் தப்பில்லை. ஒரே சார்ஜ் இரண்டுக்கும் போகிறபோது ஒன்று மட்டும் எப்படிச் சாகும்? எனக்கே ஒரு நிமிஷம் சுடலைமுத்து மேல் சந்தேகம் வந்தது. வந்தது என்றுதான் சொல்லவேண்டும்.

பிறகு பழசைப் பார்த்தேன். எல்லாரும் செத்ததையே பார்த்துக்கொண்டிருந்தோம், கல்லு மாதிரி இருக்கிறது என்று சொன்னதை ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. அதில் தண்ணீர் வற்றித் தகடு வெளியே தெரிந்தது. மூடியெல்லாம் ஆசிட் பொங்கி நனைந்து, முனையில் பச்சை பூத்திருந்தது. அது நன்றாக இல்லை, அளவுக்கு மீறி சார்ஜ் ஆகிக் கொதித்துக்கொண்டிருந்தது. ஒன்று பட்டினி கிடக்க, இன்னொன்று வயிறு வெடிக்கத் தின்றிருக்கிறது.

அப்போதுதான் அந்தச் சிவப்பு ஒயர் கண்ணில் பட்டது. இரண்டு பேட்டரியையும் இணைக்கிற பட்டையில் அதைச் சுற்றி முறுக்கியிருந்தார்கள். அங்கிருந்து டிரைவர் சீட்டுக்கு மேலே போனது.

"அது நான் குடுத்த ஒயரு அண்ணாச்சி," என்று ஒரு குரல். முதலாளியின் மருமகன். துபாயில் ஸ்டோர் வேலை, லீவில் வந்திருந்தார். "பாட்டு செட்டுக்கு. ஜப்பான் செட்டு, பூஸ்டரோட. நானே மாட்டினேன்." சொல்லும்போது முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இரண்டு மாதத்துக்கு முன்னால் செத்தது வயதாகிச் செத்திருக்கும், இந்தப் புதுசைக் கொன்றது அந்த ஒயர். செட்டுக்குப் பன்னிரண்டு வேண்டும், இணைப்புப் பட்டையைத் தொட்டால் பன்னிரண்டு கிடைக்கிறது. கையில் ஸ்க்ரூடிரைவர் இருக்கிற யாரும் இதைத்தான் செய்வார்கள், நீங்களும் செய்வீர்கள். பாட்டும் அருமையாகப் பாடும். ஆனால் நாள் முழுக்க ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் எடுக்கிறது. சார்ஜ் கொடுக்கிற சாமானோ இரண்டையும் சேர்த்து ஒன்றாகத்தான் அளந்து பார்க்கும். குறைகிறது என்று இரண்டுக்கும் சமமாகக் கொடுக்கும். அதில் ஒன்று தேறாது, மற்றது பொங்கும்.

வாயைத் திறந்தால் சுடலைமுத்து தப்பித்தார். ஆனால் முதலாளி அப்போதுதான், "இதச் செஞ்சவன் எவனா இருந்தாலும் கைய ஒடிச்சிருவேன்," என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லி முடித்திருந்தார். டிஸ்டில்டு வாட்டர் எடுக்கவேண்டும் என்று சொல்லி, தூக்கப் பிடிக்க சுடலைமுத்துவையும் கூப்பிட்டுக்கொண்டு கடையின் பின்பக்கம் போனேன்.

"நீ எடுக்கலன்னு தெரிஞ்சி போச்சி. பாட்டு செட்டுதான் காரணம். வா, எல்லார் முன்னாலயும் சொல்லிருதேன்," என்றேன்.

அவர் கேனைக் கீழே வைத்தார். "அந்தச் செட்டு மாப்பிள்ள மாட்டினதுல்லா?"

"அதனால என்ன?"

"வேண்டாம் அண்ணாச்சி. இப்பச் சொல்லாதீங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உனக்குக் கிறுக்கு பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார். தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை, பந்தியில் யாரோ ஒரு சொல் சொல்லிவிட்டார்கள் என்று சாப்பிடாமல் எழுந்து போய், அப்படியே துபாய்க்கு விமானம் ஏறிவிட்டாராம். மகள் ஒரு வருஷமாக அப்பா வீட்டில். இப்போதுதான் பேசிச் சமாதானமாகி வந்திருக்கிறார். வந்த கையோடு மாமனாருக்கு என்று ஆசையாக மாட்டியது அந்தச் செட்டு.

"அந்தப் பிள்ளைய ஸ்கூலுக்குப் போற காலத்துலேர்ந்து நான்தான் வண்டியில கூட்டிட்டுப் போறேன் அண்ணாச்சி. ஒரு வருசமா அது தலை நிமிர்ந்து வண்டியில ஏறல. இந்த ரெண்டு மூணு வாரமாத்தான் சிரிச்சிட்டு ஏறுது. இத்தன பேரு முன்னால மாமனாரு கைய ஒடிப்பேன்னு சொல்லி, அது மாப்பிள்ளன்னு ஆச்சின்னா, அவரு இன்னைக்கே பெட்டியத் தூக்கிருவாரு."

"உன் பேரு என்னாவுதது?"

"நீங்க ஏதாவது செய்வீங்கள்லா," என்றார்.

அந்த நம்பிக்கைக்கு நான் தகுதியான ஆள்தானா என்று எனக்குத் தெரியவில்லை.  தண்ணீரோடு வெளியே வருகிற தூரத்தில் யோசித்து முடிக்கவேண்டியிருந்தது. என் வாயால் சொன்னால் டிரைவருக்குப் பரிந்து பேசுகிறான் என்பார்கள். பேட்டரியே சொன்னால் யாரும் மறுக்கமுடியாது என்று தோன்றியது.

"முதலாளி, இப்ப நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்," என்றேன். "ரெண்டையும் ஃபுல்லா சார்ஜ் போட்டுத் தாரேன். இடத்த மட்டும் மாத்தி வைப்போம். புதுசு இருந்த இடத்துல பழசு, பழசு இருந்த இடத்துல புதுசு. பெட்டிக்கு உங்க பூட்டப் போடுங்க, சாவி உங்க மடியில இருக்கட்டும். ஒரு வாரம் வழக்கம்போல வண்டி ஓடட்டும், பாட்டும் பாடட்டும். சுடலையே ஓட்டட்டும். அதுக்குப் பொறவு திறந்து பார்த்துட்டு நீங்க ஸ்டேஷனுக்குப் போனாலும் நானும் கூட வாரேன்."

முதலாளி முறைத்தார். வேறு டிரைவர் கிடைக்காத முகூர்த்த மாதம் அது. "சரிவே," என்று ஒத்துக்கொண்டார். கூட்டம் ஏமாந்து கலைந்தது.

அந்த வாரம் முழுக்க எனக்கு அதே யோசனைதான். செட்டு தொடுகிற இடத்தில் எந்த பேட்டரி இருந்தாலும் அதுதான் சாகும் என்கிற கணக்கு எனக்குத் தெரியும், ஆனால் பேட்டரி என் கணக்குப்படி நடக்கவேண்டும் என்று சட்டமா இருக்கிறது? பழசு கெட்டி, தாங்கிக்கொண்டு நின்றுவிட்டால்? தினமும் அந்த பஸ் என் கடையைத் தாண்டும்போது பாட்டு சத்தமாகக் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். ஒருநாள் கண்டக்டர் பாட்டை நிறுத்திவிட்டான் என்று தெரிந்து, மறித்துப் போடச் சொன்னேன். பாட்டு ஆசை இந்த வயதில் இவருக்கு ஏன் இப்படி வந்தது என்று அவன் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

பெட்டியைத் திறக்கவேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம், செட்டில் இரைச்சல் வருகிறது, சரி பண்ணலாம் என்று மருமகனுக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தார். அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டு ஆரம்பித்தேன்.

"பந்தியில ரெண்டு பேரு பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருக்காங்கன்னு வைங்க," என்றேன். சொன்னதும் எனக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது, தலைதீபாவளிப் பந்தியில்தானே அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் ஆரம்பித்தாகிவிட்டது. "பரிமாறுதவன் ரெண்டு இலையையும் தனித்தனியாப் பாக்கமாட்டான். மொத்தமா ஒரு பார்வை பாத்து, ரெண்டுக்கும் சமமாப் போடுதான். இப்ப மூணாவதா ஒருத்தன் வந்து ஒரு இலையிலேர்ந்து மட்டும் அள்ளித் தின்னுட்டே இருந்தா என்னாவும்?"

"அந்த இலைக்காரனுக்கு வயிறு ரொம்பாது. மத்தவன் இலை வழியும்," என்றார். சொல்லிவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். ஆள் சூட்டிகை. "அண்ணாச்சி, மூணாவது ஆளு என் செட்டா?"

"ஆமா. நீங்க தெரிஞ்சி செய்யல. ஊருல பாதிப் பேரு இப்படித்தான் மாட்டியிருக்கான்."

அவர் முகம் வெளுத்துவிட்டது.  பிறகு, "டிரைவருக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"அன்னைக்கே தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல?"

"உங்களுக்காகவும் உங்க வீட்டுக்காரிக்காகவும்தான் சொல்லல," என்றேன். அவர் எழுந்து போய்விட்டார். என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. கோபித்துக்கொண்டு ஊரைவிட்டே போனாலும் போவார், மாமனாரிடம் என்னையே குற்றம் சொன்னாலும் சொல்வார். அவருக்கு ஒரு ராத்திரி கொடுத்தது சரிதானா என்று விடிகிற வரை புரண்டேன்.

மறுநாள் காலை ஸ்டாண்டில் பஸ் நின்றது. போன வாரத்துக் கூட்டம் அப்படியே வந்திருந்தது. செல்ஃப் போட்டால் முனகுகிறது, எடுக்கவில்லை. முதலாளி தன் மடியிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். கண்ணாடிக் குழாயை அவர் கையிலேயே கொடுத்தேன். புதுசில் மிதவை நின்றது. பழசில் அடிக்குப் போய்விட்டது.

"பூட்டு என் பூட்டுல்லாவே," என்றார் முதலாளி. "சாவி என்னை விட்டுப் போவலயே." அவர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மருமகன் முன்னால் வந்தார். "மாமா, ரெண்டு பேட்டரியையும் தின்னது நான் மாட்டின செட்டு. எனக்கு விவரம் தெரியல. டிரைவர் அண்ணனுக்கு அன்னைக்கே தெரியும். நம்ம வீட்டுப் பிள்ளைக்கு மறுபடியும் ஒரு சங்கடம் வரக்கூடாதுன்னு, திருடன் பட்டத்தச் சுமந்துக்கிட்டு ஒரு வாரம் வண்டி ஓட்டியிருக்காரு." சத்தமாகவே சொன்னார், டீக்கடை வரைக்கும் கேட்டது. அந்தப் பையன்மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்றைக்கும் குறையவில்லை.

ஜனங்கள் பஸ்ஸைத் தள்ளி இன்ஜினைக் கிளப்பிவிட்டார்கள். சீட்டில் இருந்து கிளட்சை விட்டவன் கண்டக்டர். எல்லாரும் ஏறியாகிவிட்டது. சுடலைமுத்து மட்டும் கீழேயே நின்றார்.

"ஏறுலே சுடலை," என்றார் முதலாளி. குரலில் பழைய அதட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

"ஏறுதேன் முதலாளி. ஒண்ணே ஒண்ணு. அன்னைக்கு நீங்க என்னைச் சொன்னப்ப, டீக்கடைப் பக்கத்துல மார்க்கெட்டுப் பையோட என் வீட்டுக்காரி நின்னா. நீங்க பாக்கல. அவளும் எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. விசயத்தச் சொன்னா அவ நேரா உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னிருவான்னு நானும் அவகிட்டச் சொல்லல. ஒரு வாரமா சோத்தப் போட்டுட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதா. எனக்கு நீங்க ஒண்ணும் சொல்லவேண்டாம். அவகிட்டச் சொல்லிருங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கணக்காகத்தான் ஒரு வாரம் கேட்டேன், கெட்டிக்காரத்தனமாகத்தான் கேட்டேன். அந்த ஒரு வாரம் யார் வீட்டு அடுப்படியில் கழிகிறது என்று எனக்குத் தெரியாது. தம்பிகளே, வேலையில் நாம் அவகாசம் கேட்கிறபோது அதை யார் வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள். இதற்காக அவகாசம் கேட்காமல் இருக்கமுடியாது. ஆனாலும் யோசிக்கவேண்டும்.

முதலாளி பஸ்ஸில் ஏறினார். என்னையும் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டார். செட்டின் ஒயரை நான் அங்கேயே கழற்றிவிட்டிருந்ததால் பாட்டு இல்லை. எலுமிச்சை வியாபாரிகள்கூடப் பாட்டுக் கேட்கவில்லை.

சுடலைமுத்துவின் வீடு புளியங்குடி ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில். வீட்டுக்கு நேராக பஸ் நின்றது. இன்ஜினை அணைத்தால் மறுபடி கிளம்பாது, அதனால் அது உறுமிக்கொண்டே இருந்தது. முதலாளி மட்டும் இறங்கிப் போனார். சுடலைமுத்துவின் வீட்டுக்காரி பேச்சியம்மாள் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். இன்ஜின் சத்தத்தில் அவர் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பேசினார், அது மட்டும் தெரிந்தது. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் அந்தப் பக்க ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். சுடலைமுத்து மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

 பேச்சியம்மாள் கையிலிருந்த ஈரத்துணியைக் கொடியில் போட்டாள். வீட்டைச் சாத்தினாள். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு வந்து பஸ்ஸில் ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்த முதல் சீட்டில், வெளியே இருந்து பார்த்தால் எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் உட்கார்ந்தாள். அங்கே இருந்தவர் சொல்லாமலே எழுந்து இடம் விட்டார்.

"எங்கன போணும்?" என்று கண்டக்டர் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டான்.

"எங்கனயும் போவல," என்றாள் பேச்சியம்மாள். "அவுகளத் திருடன்னு பேசின ஊரு வழியாத்தான் வண்டி போவுது. அவுக வண்டி எங்கெல்லாம் நிக்குதோ அங்கெல்லாம் நானும் இருக்கணும்."

அன்றைக்கு வாசுதேவநல்லூர் போய்த் திரும்பும்வரை ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அவள் அந்த ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.